டீதானே குடுத்தேன்

அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருந்தா அது சீக்கிரம் தெறந்துடாதும்மா. நானும் வந்த புதுசுல அப்படித்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். இந்தப் பக்கம் வந்து உக்காருங்க, அங்க ஏசி நேரா மூஞ்சியில அடிக்கும். உங்க வீட்டுக்காரருக்கு இது எத்தனாவது தடவ? மூணாவதா? அதான் பைய மடியிலயே வச்சுக்கிட்டு இருக்கீங்க. கீழ வைங்க, யாரும் எடுக்க மாட்டாங்க. இங்க வர்றவங்களுக்கு அவங்கவங்க பாடே பெரும்பாடு.

எங்க வீட்டுக்காரருக்கு அஞ்சாம் நம்பர் பெட்டு. பாத்திருப்பீங்களே, கொஞ்சம் முன்னாடி வீல்சேர்ல வச்சு, மூக்குல வாயில மூடிய மாட்டி, அவசர அவசரமா உள்ள தள்ளிக்கிட்டுப் போனாங்களே, அவருதான். எப்பவும் நடந்துதான் வருவாரு. இன்னிக்கு ஆட்டோல வர்றப்ப பாலக்கரையிலேருந்து ஒரே புழுதி, வெயில் வேற கொளுத்துது, நல்லா இருக்கறவங்களுக்கே மூச்சு வாங்கும். அதுக்குப் போயி அந்த சிஸ்டர் ஓடி வந்து, எடை மிஷின்ல அவரத் தூக்கி நிறுத்தி, நம்பரப் பாத்துட்டு என்னைய ஒரு பார்வ பாத்தா பாருங்க. என்னமோ நான் திருடிட்டு வந்தாப்ல.

உள்ள போயி இவ்வளவு நேரமாச்சு. மிஷின் போட்டாச்சா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கறாங்க. வழக்கமா வெளில வந்து, அம்மா போட்டாச்சு, நீங்க போயி சாப்புட்டு வாங்கம்பாங்க. இன்னிக்கு எவளும் எட்டிப் பாக்கல. டாக்டர் ஒருத்தர் விறுவிறுன்னு உள்ள போனாரே, அவரு அஞ்சாம் நம்பருக்காப் போனாரு? உங்களுக்குத் தெரியாதா. சரி விடுங்க. வேற பெட்டா இருக்கும்.

உங்களுக்கும் சொல்லியிருப்பாங்களே, தண்ணிய அளந்து குடுங்கன்னு? சொல்லுவாங்க, சொல்லுவாங்க. சொல்றவங்களுக்கு என்ன, பாட்டில் பாட்டிலா குடிச்சுட்டு வந்து சொல்லுவாங்க. தாகம்னா என்னன்னு இவங்களுக்குத் தெரியுமா? அதுவும் எங்க வீட்டுக்காரருக்கு. அவரு கவர்மெண்டு பஸ்ல கண்டக்டரா இருந்தவரும்மா. திருச்சி மதுரை ரூட்டு. விராலிமலையில ஒரு டீ, துவரங்குறிச்சியில ஒரு டீ, மேலூர்ல ஒரு டீ, மதுரையில எறங்கின கையோட ஒரு டீ. திரும்பறப்பவும் அதே கத. ஹாரன் சத்தம் கேட்டாலே கடைக்காரங்க கிளாஸக் கழுவி வச்சிருவாங்களாம். வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடி, மங்கை, டீன்னு ஒரு கொரல். மங்கையர்க்கரசிங்கற எம் பேருக்கு அப்பறம் அவரு வாயில டீங்கற வார்த்த வராம நான் பாத்ததில்ல. அப்பேர்ப்பட்ட மனுஷன். பிரஷர் மாத்திரைய ஒழுங்காப் போடாம ரெண்டு கிட்னியும் போச்சு. இப்ப செவ்வாய்க்கெழம வெள்ளிக்கெழமன்னா டயாலிசிஸ் மிஷினுக்குன்னு இங்க.

என் மருமக ஒருத்தி. வினோதினின்னு பேரு. குளித்தலைக்காரி. ஸ்கூல்ல கணக்கு டீச்சர். கணக்கு டீச்சரக் கட்டிட்டு வந்தா வீட்டுல எல்லாமே கணக்காத்தான் நடக்கும்னு எனக்கு அப்பத் தெரியல. காலைல எந்திரிச்சதும் ஒரு பாட்டில்ல கோடு போட்டு, அது வரைக்கும் தண்ணி புடிச்சு அலமாரி மேல வச்சிருவா. அன்னிக்கு முழுக்க அவருக்கு அவ்வளவுதான். மாத்திர முழுங்கவும் அதுதான், சோறு எறங்கவும் அதுதான். சாதத்துல ஒரு கரண்டி ரசம் ஊத்தினேன்னு வைங்க, அதே அளவுத் தண்ணிய அந்தப் பாட்டில்லேருந்து எடுத்துத் தொட்டியில கொட்டுவா. என் கண்ணு முன்னாடியே கொட்டுவா. ஏண்டி, தாகத்துல தவிக்கற மனுஷன் முன்னாடி தண்ணியக் கொட்டுறியே, நீ நல்லா இருப்பியான்னு மனசுல நெனச்சுக்குவேன். வாய தெறக்க மாட்டேன். தெறந்தா, "அத்தை, இது மாமாவோட உயிரு"ம்பா. என்னமோ அவருக்கும் எனக்கும் நேத்துத்தான் கல்யாணம் ஆன மாதிரி, அவ எனக்குச் சொல்லிக் குடுக்கறா.

நான் பேசிப் பேசி உங்கள அறுக்கறேனா? இல்லையே? பேசினாத்தான் நேரம் போவும். பேசாம இருந்தா அந்தக் கதவப் பாக்கத் தோணுது.

சித்திரையில ஒரு நாள் மத்தியானம். மொகம் தொடைக்க அவருக்கு ஒரு துண்ட நனைச்சுப் புழிஞ்சு குடுத்துட்டு அடுப்பாங்கரைக்குப் போனேன். திரும்பி வந்து பாத்தா, நெத்தியத் தொடச்சாரு, கழுத்தத் தொடச்சாரு, அப்பறம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாத்துட்டு துண்டோட முனைய வாயில வச்சு சப்பினாரு. சப்பினாரும்மா. பச்சப்புள்ள மாதிரி. என்னையப் பாத்ததும் வெடுக்குன்னு எடுத்துட்டு, "உதட்டத் தொடச்சேன் மங்கை"ங்கறாரு. ஒரு பஸ்ஸு நெறைய ஆளுங்கள ஒத்தை விசில்ல அடக்கி ஒக்கார வச்ச மனுஷன். அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன். எவ பாட்டில்ல கோடு போட்டாலும் சரி, என் புருஷன் என் வீட்டுல துண்ட சப்பக் கூடாது.

அவளுக்கு எரக்கமே இல்லன்னு சொல்ல மாட்டேன். பொய் சொல்லக் கூடாதில்ல. அவளும் ஒண்ணு பண்ணிக் குடுத்தா. டீய ஆற வச்சு, எலுமிச்ச புழிஞ்சு, ஐஸ் தட்டுல குட்டிக் குட்டியா ஒறைய வச்சு, மாமாவுக்கு நாக்கு வறண்டா ஒரு கட்டிய வாயில போட்டு வைக்கச் சொல்லுவா. கரையற வரைக்கும் சப்பிக்கிட்டு இருப்பாரு. "அருமையா இருக்கும்மா வினோ"ம்பாரு. அதுக்கும் தண்ணிக் கணக்குல கழிச்சுக்குவா, அது வேற. எனக்கு அதப் பாத்தா ஆத்திரமா வரும். முட்டாய் குடுத்து அழுகைய நிறுத்தற மாதிரி. ஒரு கட்டி டீ ஒரு மனுஷனுக்குப் போதுமா? குடுக்கறதுன்னா மனசாரக் குடுக்கணும்.

ஆனா அந்த எலுமிச்ச டீ யோசனை நல்ல யோசனைதான். அத எடுத்து நான் என் பக்குவத்துல போட்டேன். ஐஸ் டீன்னு பெரிய ஹோட்டல்ல எல்லாம் உசந்த கிளாஸ்ல குடுக்கறாங்களே, அதுவேதான், வீட்டுலயே. சொல்றேன் கேட்டுக்கங்க, உங்களுக்கும் உதவும். டஸ்ட் டீத்தூள் போடாதீங்க, கலங்கலாப் போயிரும். எலையா விக்குது பாருங்க, அத வாங்குங்க. தண்ணி தளதளன்னு கொதிச்சதும் அடுப்ப அணைச்சுட்டுத்தான் எலையப் போடணும். அடுப்புல வச்சு அதையும் சேத்துக் கொதிக்க விட்டீங்கன்னா கசந்துரும். மூடி வச்சுட்டுப் பக்கத்துலயே நிக்கணும். செவந்து வர்றப்ப வடிகட்டிரணும், வடிகட்டியில தங்கற சக்கைய கரண்டியால அமுக்கிப் புழியக் கூடாது. நம்ம பழக்கம் என்ன, ஒரு சொட்டு வீணாகாமப் புழிவோம். அது கசப்பையும் சேத்து எறக்கிரும். சூடா இருக்கறப்பவே சர்க்கரைய கரைச்சிரணும். அப்பறம் முக்கியம் இதுதான், சூட்டோட ஃபிரிட்ஜுல வைக்கக் கூடாது. வெளியில தானா ஆறணும். ஆறின பெறகு எலுமிச்ச. அப்பறம் புதினாவக் கையில வச்சு ஒரு தட்டு தட்டிப் போட்டீங்கன்னா வாசன தூக்கும். கடைசியா சொம்பு நெறைய ஐஸக் கொட்டி அது மேல டீய ஊத்தணும். கலகலன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க. அந்தச் சத்தத்துக்கே அவரு கண்ணத் தெறந்து பாப்பாரு.

அவ ஸ்கூலுக்குக் கெளம்பினதும் நான் அடுப்பப் பத்த வச்சிருவேன். என் பையன் சிவநேசனும் மணப்பாறப் பக்கம் வேலைக்குப் போயிருவான். வீட்டுல நானும் அவரும்தான். மொத நாள் சொம்பக் கொண்டு போயி நீட்டினா, "வேணாம் மங்கை"ன்னாரு. ஏன் வேணாம்? "வினோ திட்டும்"னாரு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. அவ திட்டுவாளாம், அதுக்கு இவரு பயப்படறாராம். நான் கேட்டேன், இத்தன வருஷம் எங்கையால வாங்கிக் குடிச்சீங்களே, இப்ப எங்கை கசக்குதா? நான் போட்டா வெஷமா? கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. அதப் பாத்துட்டு வாங்கிக் குடிச்சாரு. ஒரே மூச்சுல குடிச்சாரும்மா. குடிச்சுட்டு வாயத் தொடச்சுக்கிட்டு, "மேலூர் டீ தோத்துச்சு"ன்னாரு. எவ்வளவு நாளைக்கு அப்பறம் அவரு வாயிலேருந்து ஒரு கிண்டல். எனக்கு அன்னிக்கு முழுக்கக் காலு தரையில படல.

அதுலேருந்து தெனமும். வெயில் ஏற ஏற மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் அவ வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு. சொம்பக் கழுவிக் கவுத்துருவேன். டீ எலைய ரோஜாத் தொட்டிக்கு உரமாப் போட்டுருவேன். ஏன் மறைச்சேன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கல, உங்க மொகம் கேக்குது. பயந்து மறைக்கலம்மா. வீட்டுல சண்ட வேணாம்னுதான்.

இருங்க, யாரோ வர்றாங்க. நீலச் சட்ட. இல்ல, அது துணி எடுக்கற ஆளு.

இன்னிக்கும் அந்த டீய ஒரு பிளாஸ்க்கு நெறையக் கொண்டாந்திருக்கேன். மிஷின்லேருந்து எறங்கி வந்தா வாயெல்லாம் காஞ்சு போயிருக்கும் அவருக்கு. இந்தாங்க, ஒரு கப்பு குடிச்சுப் பாருங்க. சும்மா குடிங்க, இதுல என்ன இருக்கு. எப்படி? கசப்பு இருக்கா? இருக்காது. உங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கட்டுமா? ஏன் அப்படிப் பதறிப் போயி வேணாங்கறீங்க. புதுசுல எல்லாரும் அப்படித்தான், ரூல்ஸ் ரூல்ஸ்னு.

சரி, கதைக்கு வர்றேன். அவருக்கு ஒடம்பு தேறுச்சும்மா. நெசமாத்தான். எலும்பும் தோலுமா இருந்த மனுஷன் கன்னமெல்லாம் கொஞ்சம் பூசினாப்ல ஆனாரு. காலு கையெல்லாம் நல்லா தெரண்டு வந்துச்சு. போன மாசமே செருப்பு பத்தாமப் போயி புதுசு வாங்கினோம்னா பாத்துக்கங்க. இங்க வந்து எடை பாத்தா ஒவ்வொரு தடவையும் ஏறியிருக்கும். எனக்குச் சந்தோஷம். இவங்களுக்கு அது பொறுக்கல. "எடை ஏறக் கூடாதும்மா, ஏறறது சதையில்ல, தண்ணி"ன்னாரு டாக்டர். வினோதினியக் கூப்புட்டு, "படிச்ச பொண்ணு நீங்க, நீங்க பாத்துக்கறதா சொன்னதாலதான் நான் நம்பினேன்"னு அத்தன பேரு முன்னாடி கத்தினாரு. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. நான் அந்தா, அந்தத் தண்ணி மிஷின்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா கொஞ்சம் வேணுந்தான்னும் இருந்துச்சு. மனசுல பட்டதச் சொல்றேன்.

வீட்டுக்கு வந்து அவ சும்மா இருந்தாளா? போலீஸ்காரி கணக்கா நோண்ட ஆரம்பிச்சா. எலுமிச்சம்பழம் எப்படி இவ்வளவு செலவாவுதும்பா. ஐஸ் தட்டு ஏன் எப்பவும் காலியா இருக்கும்பா. ஒரு நாள் ரோஜாத் தொட்டிக்கிட்ட போயி நின்னு பாத்துட்டு வந்து, "அத்தை, மாமாவுக்குக் குடிக்க எதாவது குடுக்கறீங்களா? கோவப்பட மாட்டேன், சொல்லுங்க"ன்னா. சிவநேசன் அப்பத்தான் வேலை முடிஞ்சு வந்து சட்டையக் கழட்டிக்கிட்டு இருந்தான். அவன் காதுபட என்னையத் திருடியாக்கிட்டா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நேரா சாமி மாடத்துக்குப் போனேன். தட்டுல கற்பூரத்த ஏத்தினேன். இந்தா பாரு, அந்தப் பாட்டில்ல இருக்கறதத் தவிர ஒரு சொட்டுத் தண்ணி நான் அவருக்குக் குடுத்ததில்லன்னு சொல்லி, உள்ளங்கையால அடிச்சு அணைச்சேன். கையில இப்பவும் தழும்பு இருக்கு, பாருங்க.

பொய் சத்தியமா? ஏம்மா, நான் பொய் சத்தியம் பண்ணுவேனா? தண்ணியா குடுத்தேன்? டீதானே குடுத்தேன்.

அப்பறம் என்ன. எங்க வீட்டுல கற்பூரம் அணைச்சுட்டா அதுக்கு மேல பேச்சுக் கெடையாது. எங்க மாமியார் காலத்துலேருந்து அப்படி. சிவநேசன் அவகிட்டத் திரும்பினான். எங்கம்மாவ சூடம் அணைக்க வச்சுட்டியே, நீ பாத்துக்கற லட்சணத்துக்கு எங்கம்மா மேல பழியா, உங்கிட்ட விட்டதுக்கு எங்கப்பாவ நல்லா வீங்க வச்சுட்டியேன்னு வாய்க்கு வந்ததப் பேசினான். அவரு நாற்காலியில கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தாரு. சூடப் பொகை கண்ணுல பட்டிருக்கும். அவ போயி அவரு பக்கத்துல கீழ உக்காந்து, காலப் புடிச்சு வெரலால அமுக்கி அமுக்கிப் பாத்தா, சப்பாத்தி மாவப் பாக்கற மாதிரி. அமுக்கின எடம் குழியாவே இருந்துச்சு. நிமிந்து, "மாமா, நான் சொல்லிரட்டுமா?"ன்னா. அவரு தலைய ஆட்டினாரு, வேணாம்னு. என்னத்தச் சொல்ல வந்தாளோ. மறுநாள் பைய எடுத்துக்கிட்டு குளித்தலைக்குப் போயிட்டா. போறப்ப எங்கிட்ட, "பாட்டில் மேல கோடு போட்டிருக்கேன் அத்தை"ன்னுட்டுப் போனா. போறப்பவும் கோடுதான்.

போனவ போனவதான். ஒரு போனும் இல்ல. அதாவது எனக்கு இல்ல, அவருக்குப் பண்ணுவா. நல்லதாப் போச்சுன்னு நான் நிம்மதியா இருந்தேன். மறைக்க வேண்டியதில்ல பாருங்க. கேட்டாலும் கேக்காட்டியும் சொம்பு அவரு பக்கத்துலயே இருக்கும். எந்நேரமும் ஐஸ் மெதக்கும். ஆனா என்னன்னு தெரியல, பத்து நாளா சரியாப் படுக்க முடியல அவருக்கு. படுத்தா நெஞ்ச அடைக்குதுன்னு சொவத்துல தலகாணி வச்சு சாஞ்சுக்கிட்டே கண்ணசருவாரு. வாயுவா இருக்கும்னு ஓமம் வறுத்துக் குடுத்தேன். பாத்ரூமுக்குக் கூட என் தோளப் புடிச்சுக்கிட்டுத்தான் வருவாரு, நான் வாசல்லயே நிப்பேன், திரும்பக் கூட்டிட்டு வந்து உக்கார வைப்பேன். இன்னிக்குக் காலைல...

வர்றாங்க. சிஸ்டர் வர்றாங்க. இருங்க.

நான்தான் சிஸ்டர், சிங்காரவேலு வீட்டுக்காரி. என்ன சிஸ்டர்? நொரையீரல்லயா? தண்ணியா? அது எப்படி சிஸ்டர் அங்க போவும்? ... இல்ல சிஸ்டர். பாட்டில் அளவுதான். ... மோரா? இல்ல. ஜூஸெல்லாம் குடுக்கறதே இல்ல. ... வேற ஒண்ணும், வேற ஒண்ணுமில்ல சிஸ்டர். அவருக்கு ஒண்ணும் ஆவாதில்ல? ... பையனுக்கா? போன் பண்றேன். பண்றேன் சிஸ்டர்.

போயிட்டாங்க. சிவநேசன வரச் சொல்லணுமாம். எதுக்கு அவன? அவன் இப்ப ஷிப்டுல இருப்பான். நொரையீரல் முழுக்கத் தண்ணி கோத்துக்கிச்சாம், மிஷின்ல இழுக்க இழுக்க பிரஷர் எறங்குதாம். தண்ணிக்குள்ள முழுகினவங்க மாதிரின்னு சொல்றா அந்தப் பொண்ணு. கட்டில்ல படுத்திருக்கற மனுஷன் எப்படிம்மா முழுகுவாரு?

ஏன் என்னையே பாக்கறீங்க? சொல்லியிருக்கணும்கறீங்களா? என்னத்தச் சொல்ல? நீங்க நேத்து வந்தவங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னா என்ன ஆவும் தெரியுமா? அவ ஜெயிச்சுருவா. என் பையன் எம் மூஞ்சியில முழிப்பானா? நான் கற்பூரம் அணைச்சிருக்கேன். ஒரு பொம்பள தன் வீட்டுல கற்பூரம் அணைச்சுட்டு அப்பறம் போயி, இல்ல, அது வந்துன்னு சொல்ல முடியுமா? நான் தண்ணி குடுக்கலன்னு சொன்னேன். குடுக்கல. அவ்வளவுதான்.

என்ன? திருப்பிச் சொல்லுங்க. டீய எதுலேருந்து போட்டேனா? இது என்ன கேள்வி. தண்ணியிலதான் போடுவாங்க. எல்லாரும் தண்ணியிலதான் போடுவாங்க. ஐஸும் அதுதான். தெரியும். எனக்குத் தெரியாதா? நான் என்ன பச்சப்புள்ளையா?

கொஞ்சம் பேசாம இருங்க.

மறுபடியும் அதே சிஸ்டர். என்ன சிஸ்டர், இப்ப எப்படி இருக்காரு? ... என்னது? ... அவரா சொன்னாரு? ... சரி. ... சரி சிஸ்டர். பாத்துக்கறேன்.

கேட்டீங்களா அவங்க சொன்னத? மூச்சு விட முடியாம, அந்த மூடிய நகத்திட்டு, அவரே டாக்டர்கிட்டச் சொன்னாராம். பாத்ரூம் கொழாயில ரகசியமாப் புடிச்சுக் குடிச்சுட்டேன், வீட்டுல யாருக்கும் தெரியாது, எம் பொண்டாட்டி மேல தப்பில்லன்னாராம். இனிமே கொழாயப் பூட்டி வைங்கம்மா, அவரத் தனியா விடாதீங்கம்மான்னு எனக்குச் சொல்லிட்டுப் போறா. நானும் சரின்னு தலையாட்டிட்டேன்.

கொழாயில குடிக்கலம்மா. எப்படிக் குடிப்பாரு? எந்திரிச்சு நிக்கவே நான் வேணும். கதவத் தெறந்து வச்சுக்கிட்டு நான் நிக்கறேன். ஒரு மக்குத் தண்ணியக் கூட நான்தான் மோந்து குடுக்கறேன். பொய் சொல்றாரு. எனக்காகச் சொல்றாரு.

அப்ப அவருக்குத் தெரியும்.

தெரிஞ்சேதான் குடிச்சிருக்காரு. அவளுக்கும் தெரியும், இவருதான் சொல்ல வேணாம்னு தலைய ஆட்டியிருக்காரு. முந்தாநாள் டம்ளர வாங்கிக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் என்னையவே பாத்தாரு. என்னங்க, குடிங்க, ஐஸ் கரையுதுன்னேன். "குடிக்கறேன் மங்கை"ன்னாரு. ரசிக்கறாருன்னு நெனச்சேன். நான் அழுதுருவேன்னு குடிச்சிருக்காரும்மா அந்த மனுஷன். வேணாம்னா நான் அழுவேன்னு, ஒவ்வொரு டம்ளரையும்.

அது என்ன சத்தம்? உள்ள யாரத் திட்டறாங்க? கதவு லேசாத் தெறந்திருக்கு பாருங்க. அந்தச் சின்ன சிஸ்டர் கொரல்தான். என்ன பெரியவரே, இவ்வளவு வயசாவுது, திருட்டுத்தனமாக் கொழாயில குடிப்பீங்களா, அறிவு வேணாமா, உங்களால எல்லாருக்கும் கஷ்டம்... அவரத்தான். அவரு என்ன சொல்றாரு? கேக்குதா உங்களுக்கு? தப்புதாம்மாங்கறாரு. தப்புதாம்மா, தப்புதாம்மாங்கறாரு. செக்கிங் ஆபீசர்கிட்டக் கூட அந்த வார்த்த சொன்னதில்ல அவரு. டிக்கெட்ல ஒரு தப்பு நடந்ததில்ல அவரு சர்வீஸ்ல. பேத்தி வயசுப் பொண்ணுகிட்டப் போயி, மூச்சில்லாம, தப்புதாம்மாங்கறாரு.

இந்தப் போனப் புடிங்க. இதுல வினோதினின்னு இருக்கும், நீங்க போட்டுப் பேசுங்க. சிவநேசனுக்கு அப்பறம். மொதல்ல அவளுக்கு. குளித்தலைலேருந்து பஸ் புடிச்சா வந்துருவா. மாமா கூப்புடறாருன்னு சொல்லுங்க. இல்ல. இல்ல, அப்படிச் சொல்லாதீங்க, பொய் போதும். அத்தை கூப்புடறாங்கன்னு சொல்லுங்க.

வழி விடுங்கம்மா. உள்ள விட மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். இந்தா போர்டுல போட்டிருக்கு. செருப்பக் கழட்டிட்டேன். விடுங்க, எங்கையப் புடிக்காதீங்க.

சிஸ்டர்! சிஸ்டர், அவரத் திட்டாதீங்க. அவரு எந்தக் கொழாயிலயும் குடிக்கல. அவரத் திட்டாதீங்க சிஸ்டர்.